துபாஷியைத் தேடி: போலந்து மொழியும் அரபு மொழியும் சந்திக்கும் வழியிலே



மொழிபெயர்ப்பு என்றதும் காவியங்களும் நாவல்களும் கவிதைகளுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். இத்தொடரிலும் அவற்றைப் பற்றியே அதிகம் பேசப்பட்டிருக்கிறது. உலகத்தில் நாளாந்தம் நடைபெறும் மொழிபெயர்ப்பில் இலக்கியத்தின் பங்கு மிகச் சிறியது. உணவுப் பட்டியல், விடுதியின் அறிவித்தல், மலைப்பாதையின் எச்சரிக்கைப் பலகை, வைத்தியசாலைப் படிவம் ஆகியவையே பெரும்பங்கினை எடுத்துக்கொள்கின்றன. அவற்றிலே ஒரு சொல் பிழைத்தால் விமர்சகர் எவரும் கண்டனம் எழுதப்போவதில்லை. பிழையின் பலனை அனுபவிப்பவன் வழிப்போக்கன்.

இன்றைய உரைக்குரிய பொருள் அத்தகைய மொழிபெயர்ப்பே. அதிலும், ஒன்றுக்கொன்று எவ்வித உறவுமில்லாத இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று போலந்து மொழி. மற்றையது அரபு மொழி. போலந்துக்குச் செல்லும் அரபு மக்களுக்காகப் போலந்து மொழியிலிருந்து அரபுக்கு மொழிபெயர்க்கவல்லவரை எங்கே தேடுவது, எப்படிக் கண்டுகொள்வது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

"தமிழ் படிப்பிக்கும் உமக்கு இது எதற்கு?" என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. கல்லூரியில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது வளைகுடா நாடொன்றில் பிரயாண முகவர் நிலையமொன்றிலே பணிபுரிகிறார். கோடையிலே அரபுக் குடும்பங்களைக் குளிர்ந்த தேசங்களுக்கு அனுப்பிவைப்பது அவருடைய வேலை. போலந்தின் தெற்கெல்லையில், தாத்ரா மலையடிவாரத்தில் உள்ள ஸக்கோப்பனே என்னும் சிறுநகரம் அண்மைக்காலத்தில் அவர்களுக்கு மிகவும் பிடித்த இடமாகிவிட்டது. அவர் எனக்கு அனுப்பிய குரற்பதிவொன்றிலே ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

போலந்துச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் உணவு வருமுன்னர் பாணும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் 'ஸ்மாலெத்ஸ்' என்னும் ஒரு தடவற்பொருளும் கொண்டுவந்து வைப்பார்கள். ஸ்மாலெத்ஸ் என்பது உருக்கிய பன்றிக்கொழுப்பு. அந்தக் கடையின் உணவுப் பட்டியல் முதலில் ஆங்கிலத்துக்கும் பின்னர் ஆங்கிலத்திலிருந்து அரபுக்கும் மாற்றப்பட்டிருந்தது. ஆங்கிலத்திலே வெறுமனே 'கொழுப்பு' என்றிருந்ததால் அரபிலும் வெறுமனே 'கொழுப்பு' என்றே வந்துவிட்டது. வெண்ணெய் போன்றதொன்று என நினைத்து அக்குடும்பம் உண்டது. அடுத்த நாள் உண்மை தெரிந்தபின், அந்த வீட்டு மூதாட்டி பயணம் முடியும்வரை பழமும் பாலுமன்றி வேறெதனையும் தொடவில்லையாம். "சேர், சட்டப்படி ஆரிலையும் பிழை சொல்லேலாது. ஆனால் அந்த அம்மா எங்களை நம்பித்தானே வந்தவ? ரெண்டு பாஷையும் நேரடியாத் தெரிஞ்ச ஆளை எங்கை தேடுறது?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சொல்லின் பயணம்

முதலில் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற சொல்லையே பார்ப்போம். அரபிலே அவரை 'தர்ஜுமான்' என்பர். நம் நாட்டு முஸ்லிம் மக்கள் திருக்குர்ஆனின் மொழிபெயர்ப்பை 'தர்ஜுமா' என்று வழங்குவதை நாம் அறிவோம். இரண்டும் ஒரே வேரிற் பிறந்தவை. மிகப் பழைய அக்காடிய மொழியிலேயே இதற்கு இனமான சொல் உண்டு. இந்தத் தர்ஜுமான் என்ற சொல் மத்தியதரைக் கடலைக் கடந்து இத்தாலியரிடம் சென்று, உருத்திரிந்து, ஐரோப்பிய மொழிகளிலே 'டிராகொமன்' என்றாயிற்று. போலந்து மொழியிலும் அது 'டிராகொமன்' என்று புகுந்தது. கீழைத்தேய அரசவைகளிலே தூதுவருக்கும் சுல்தானுக்கும் நடுவில் நின்று பேசியவரின் பதவிப்பெயர் அது.

போலந்து மொழியில் மொழிபெயர்ப்பாளருக்கு இன்று வழங்கும் பொதுச்சொல் 'த்வூமாச்' என்பதாகும். இதுவும் கிழக்கிலிருந்து, துருக்கிய இனமொழிகள் வழியாக வந்ததென்பர். ஜேர்மன் மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் உள்ள சொற்கள் இதன் உறவினரே. நம்மவர் 'துவிபாஷி' என்ற வடசொல்லைத் 'துபாஷி' ஆக்கிக்கொண்டதும் இதே வகையான தேவையினாலேயே. இரண்டு மொழி தெரிந்தவன் என்பது அதன் நேர்ப்பொருள். கடல்வணிகம் நடந்த துறைமுகங்கள் எல்லாவற்றிலும் ஒரு துபாஷி இருந்திருக்கிறான்.

கோப்பிக்குப் போலந்து மொழியில் 'காவா' என்று பெயர், அரபில் 'கஹ்வா'. சீனிக்குப் போலந்து மொழியில் 'சூக்கியெர்'; அரபில் 'சுக்கர்'. மொழிகள் உறவற்றவையாயினும் சொற்கள் பிரயாணம் செய்திருக்கின்றன என்பதற்கு இவை சான்று. சொற்கள் தாமாகவே பிரயாணம் செய்வதில்லை. மனிதர் அவற்றைச் சுமந்து செல்கின்றனர்.

முதல் வழிப்போக்கன்

அரபு மொழிக்கும் போலந்துக்கும் உள்ள தொடர்பு புதியதென்று நாம் எண்ணிவிடலாகாது. போலந்து என்ற அரசு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் அறுபதுகளில், இப்ராஹிம் இப்னு யாக்கூப் என்ற யூதப் பயணி ஸ்பெயினிலுள்ள தொர்தோசா நகரிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்குச் சென்றார். ஸ்பெயினின் பெரும்பகுதி அன்று முஸ்லிம் ஆட்சியில் இருந்தமையால் அவர் தம் பயணக்குறிப்பை அரபிலே எழுதினார். பிராக் நகரையும், கிராக்கோவையும், மியெஷ்கோ என்ற அரசனின் நாட்டையும் அவர் குறிப்பிடுகிறார். இந்த மியெஷ்கோவே 966 ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தைத் தழுவிய முதலாவது போலந்து மன்னன்.

அவருடைய மூலநூல் அழிந்துபோயிற்று. ஆனால் பதினோராம் நூற்றாண்டில் அல் பக்ரி என்ற புவியியலறிஞர் தமது நூலிலே அதன் பகுதிகளை எடுத்தாண்டமையால் நமக்கு எஞ்சியுள்ளது. கிராக்கோ யாகியெலோனியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தடெயுஷ் கொவால்ஸ்கி அதனை ஆராய்ந்து 1946 இல் போலந்து மொழியில் வெளியிட்டார். போலந்து மக்கள் தம் நாட்டைப் பற்றிய மிகப் பழைய வர்ணனைகளுள் ஒன்றை அரபிலிருந்து மொழிபெயர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது! சங்ககாலத் துறைமுகங்களைப் பற்றிக் கிரேக்கர் எழுதிவைத்த குறிப்புகளை நாம் மொழிபெயர்ப்பில் படிப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

நடுவில் நின்றவர்கள்

பதினேழாம் நூற்றாண்டில் போலந்து அரசும் உதுமானியப் பேரரசும் அயலவர்கள்; அடிக்கடி பகைவர்கள். தூதுவர்கள் இஸ்தான்புல்லுக்குப் போய்வந்தனர். அவர்களுள் ஒருவரோடு 1653 இல் சென்றவர் பிரான்சிஷெக் மெனின்ஸ்கி. லொரெயினிற் பிறந்து போலந்தைத் தம் நாடாக ஏற்றுக்கொண்டவர். இஸ்தான்புல்லில் துருக்கியும் அரபும் பாரசீகமும் கற்று, போலந்துத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளரானார். பின்னர் வியன்னாவில் பணிபுரிந்து, 1680 இல் ஒரு பேரகராதியை வெளியிட்டார். துருக்கி, அரபு, பாரசீகச் சொற்களுக்கு லத்தீனில் மட்டுமன்றிப் போலந்து மொழி உட்பட வேறு ஐரோப்பிய மொழிகளிலும் அதிலே பொருள் தரப்பட்டது.

அவர் காலத்திலேயே வாழ்ந்த வொய்சியெஹ் பொபொவ்ஸ்கியின் கதை வேறுவிதமானது. தார்த்தாரியரால் சிறைபிடிக்கப்பட்டு உதுமானிய அரண்மனைக்கு விற்கப்பட்ட இளைஞர் அவர். அங்கே அலி உஃப்கி என்ற பெயருடன் இசைக்கலைஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உயர்ந்தார். விவிலியத்தைத் துருக்கி மொழிக்குப் பெயர்த்தார். ஒருவர் விரும்பிச் சென்றவர். மற்றவர் அகப்பட்டுச் சென்றவர். இருவரும் மொழியைப் புத்தகத்திலன்றி, அது பேசப்படும் இடத்திலே வாழ்ந்து கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்திலே நம் நாட்டவருக்கு மிகவும் நெருக்கமான செய்தியொன்றைச் சொல்லவேண்டும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் லித்துவேனிய, போலந்து மண்ணில் குடியேறி வாழ்ந்துவருபவர்கள் லிப்கா தார்த்தாரியர் என்னும் முஸ்லிம்கள். காலப்போக்கில் தமது தாய்மொழியை இழந்து, பெலாரூஸ் மொழியையும் போலந்து மொழியையும் பேசலாயினர். ஆயினும் தம் சமயநூல்களை அந்த மொழிகளிலே, ஆனால் அரபு எழுத்தில் எழுதினர். அவற்றுக்குக் 'கிதாப்' என்று பெயர். போலந்தின் வடகிழக்கில் குருஷினியானி, பொஹோனிகி என்னும் சிற்றூர்களிலே மரத்தாலான அவர்களுடைய பழைய பள்ளிவாசல்களை இன்றும் காணலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முஸ்லிம் மக்களின் அரபுத்தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. நாட்டின் மொழியும் மார்க்கத்தின் எழுத்தும் கைகோத்த மரபு அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

நாவல் காட்டிய வழி

போலந்துப் பிள்ளைகள் பலருக்கு அரபு உலகை முதன்முதலிற் காட்டியது ஒரு நாவல். நோபல் பரிசு பெற்ற ஹென்றிக் சியென்கியெவிச், தமது ஆபிரிக்கப் பயண அனுபவத்தைக் கொண்டு 1911 இல் எழுதிய 'பாலைவனத்திலும் பெருங்காட்டிலும்' என்பதே அது. சூயஸ் கால்வாய்ப் பொறியியலாளர் ஒருவரின் மகனான ஸ்தாஷ் என்ற போலந்துச் சிறுவனும், நெல் என்ற ஆங்கிலேயச் சிறுமியும் சூடான் கிளர்ச்சியின்போது கடத்தப்படுகின்றனர். ஆபிரிக்க மக்களைப் பற்றிய அந்நாவலின் பார்வை காலனித்துவக் காலத்துக்குரியது. இன்று அதனை ஏற்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போர்ட் சயித்தில் வளர்ந்த ஸ்தாஷுக்கு அரபு தெரியும். கடத்துவோர் பேசுவது அவனுக்கு விளங்குகிறது. அந்நிய நாட்டிலே மொழி தெரிந்தவனே ஆபத்தை முன்கூட்டி அறிகிறான் என்பதைக் கதையின் போக்கு உணர்த்துகிறது.

இரண்டாம் உலகப்போர் நாவலை மெய்யாக்கியது. 1942 இல் சோவியத் நாட்டிலிருந்து ஜெனரல் அன்டர்ஸின் படையுடன் வெளியேறிய போலந்து மக்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஈரானை அடைந்த அவர்களிற் பலர் ஈராக், பலஸ்தீனம், எகிப்து என்று அரபு நாடுகளிலே தங்கினர். போருக்குப் பிந்திய பல்லாண்டுகளில் பயணம் மறுதிசையிலும் நடந்தது. ஈராக், சிரியா, பலஸ்தீனம் முதலிய இடங்களிலிருந்து மாணவர்கள் போலந்துக்குச் சென்றனர். 'வூச்' என்று உச்சரிக்கப்படும் நகரின் பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவருக்குப் போலந்து மொழி கற்பிக்கும் நிலையமொன்றை 1952 தொடக்கம் நடத்திவந்தது. அங்கே மொழி கற்று, வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆகி, போலந்திலேயே குடும்பத்துடன் தங்கிவிட்ட அரபு மக்கள் உண்டு. ஈராக்கியக் கவிஞர் ஹாதிஃப் ஜனாபி போலந்திலேயே வாழ்ந்து, அந்நாட்டுக் கவிதைகளை நேரடியாக அரபுக்குத் தந்துவருபவர். எதிர்த்திசையில், பேராசிரியர் யூசெஃப் பியெலாவ்ஸ்கி திருக்குர்ஆனை அரபு மூலத்திலிருந்தே போலந்து மொழிக்குப் பெயர்த்து 1986 இல் வெளியிட்டார்.

2018 இல் துபாயிலிருந்து கிராக்கோவுக்கு நேரடி விமானசேவை தொடங்கியபின் வளைகுடா மக்களின் வருகை பெருகியது. போலந்து மக்களோ எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள ஹுர்கதா, மார்ஸா அலம் முதலிய இடங்களுக்கு விமானம் நிறையச் செல்கின்றனர். மக்கள் இரு திசையிலும் பறக்கின்றனர். நடுவில் நிற்கும் துபாஷிகள் மட்டும் போதாமலிருக்கின்றனர்.

யாரைத் தேடுவது?

மாணவரின் கேள்விக்கு இனி வருவோம். ஆளைத் தேடுமுன் வேலையின் தன்மையை அறிதல் வேண்டும். அது மூன்று வகைப்படும்.

முதலாவது, சட்டப் பெறுமதியுள்ள ஆவணம். விவாகச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, விபத்துக்குப் பின்னர் காப்புறுதிக்கு அனுப்பும் வைத்திய அறிக்கை என்பன இவ்வகையின. நம் நாட்டில் உள்ளதுபோலவே போலந்திலும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் உளர். 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் எழுத்துப் பரீட்சையிலும் வாய்மொழிப் பரீட்சையிலும் சித்தியெய்தவேண்டும். நீதியமைச்சர் அவர்களுடைய பெயர்ப்பட்டியலைப் பேணுகிறார். எவரும் அதனைப் பார்வையிடலாம். பெயர், மொழி, பட்டியல் இலக்கம் ஆகியவை பொறித்த முத்திரை ஒவ்வொருவருக்கும் உண்டு. முத்திரை இல்லாத தாளை அலுவலகங்கள் ஏற்கமாட்டா.

இரண்டாவது, அச்சிடப்படும் கையேடு, உணவுப் பட்டியல், அறிவித்தல் பலகை. இதற்கு முத்திரை வேண்டியதில்லை; நல்ல எழுத்து நடை வேண்டும். அரபைத் தாய்மொழியாகக் கொண்டு, போலந்திலே பல்லாண்டு வாழ்ந்தவரே இதற்கு உகந்தவர். எவரும் தம் தாய்மொழிக்குள் மொழிபெயர்க்கும்போதுதான் நடை இயல்பாக அமையும். அரபு கற்ற போலந்துப் பட்டதாரி அதனை மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். வார்சோ, கிராக்கோ, பொஸ்னான் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களிலே அரபுக் கற்கைநெறிகள் உண்டு. அங்கே விசாரித்தால் இருசாராரையும் கண்டுகொள்ள வழி பிறக்கும். ஒருவர் எழுத, மற்றவர் ஒப்புநோக்க, வேலை செம்மையுறும்.

மூன்றாவது, வாய்மொழி. வழிகாட்டியாக உடன் செல்பவர், வைத்தியசாலையில் நோயாளருக்காகப் பேசுபவர். எழுத்தில் வல்லவரெல்லாம் பேச்சில் வல்லவரல்லர். யோசிக்க அவகாசம் இல்லாத வேலை இது. போலந்தில் 2014 தொடக்கம் நகர வழிகாட்டிகளுக்கு உரிமப் பத்திரம் கட்டாயமில்லை. மலை வழிகாட்டிகளுக்கு மட்டும் அது தொடர்ந்து வேண்டப்படுகிறது. எனவே, மலைக்குச் செல்லும் குழுவுக்கு மொழி தெரிந்த ஒருவர் மாத்திரம் போதாது. உரிமம் பெற்ற மலை வழிகாட்டியும் உடன் செல்லவேண்டும்.

எந்த அரபு?

"அரபு தெரியும்" என்று ஒருவர் சொன்னால், "எந்த அரபு?" என்று கேட்கவேண்டும். தமிழ் ஆசிரியனான எனக்கு இதனை விளக்குதல் எளிது. நாம் எழுதும் தமிழ் ஒன்று. வீட்டிலும் சந்தையிலும் பேசும் தமிழ் வேறொன்று. யாழ்ப்பாணத்தார் பேச்சும் மட்டக்களப்பார் பேச்சும் வேறுபடுகின்றன. அரபிலே இந்த இரட்டை வழக்கு இன்னும் ஆழமானது. 'ஃபுஸ்ஹா' எனப்படும் எழுத்து வழக்கு எல்லா அரபு நாட்டுக்கும் பொது. பேச்சு வழக்கோ, மொரோக்கோ நாட்டவர் பேசுவதை வளைகுடாவில் உள்ளவர் விளங்கிக்கொள்ளச் சிரமப்படும் அளவுக்கு வேறுபடும். ஆகவே கையேட்டுக்கு ஃபுஸ்ஹா போதும். உடன் செல்லும் வழிகாட்டியோ விருந்தினரின் பேச்சு வழக்கை அறிந்திருத்தல் நன்று.

எழுத்து வழக்கிலுங்கூட இடத்துக்கிடம் வேறுபாடு உண்டு. ஜனவரி மாதத்தை எகிப்தியர் 'யனாயிர்' என்பர். சிரியரும் ஈராக்கியரும் 'கானூன் அத்தானி' என்பர். போலந்து நாட்டுக்கே இரண்டு பெயர்கள். சிலர் 'பூலந்தா' என எழுத, வேறு சிலர் 'பூலூனியா' என எழுதுவர். இத்தாலியிலுள்ள பொலோஞ்ஞா நகருக்கும் அரபிலே 'பூலூனியா' என்றே பெயர்! தலைநகர் வார்சோவும் ஓரிடத்தில் 'வார்சூ', மற்றோரிடத்தில் 'ஃபர்ஸூஃபியா'. வாசிக்கப்போகிறவர் எந்த நாட்டவர் என்பதை அறிந்த பின்னரே பேனாவை எடுக்கவேண்டும்.

ஒரு சிறு பரீட்சை

மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் தகுதியை அறிவதற்கு ஒரு பக்க அளவான பகுதியொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்துவிட வேண்டும். அப்பகுதியிலே பின்வரும் இடங்கள் இருக்கட்டும்.

முதலாவது கிழமை நாட்கள். தமிழில் ஞாயிறு, திங்கள் என்று கோள்களின் பெயரால் அழைக்கிறோம். போலந்திலும் அரபிலும் சில நாட்கள் எண்களாற் பெயர் பெற்றவை. அரபு மக்கள் ஞாயிற்றை முதலாம் நாளாக எண்ணுவர். ஆதலால் ஐந்தாம் நாள் என்று பொருள்படும் 'கமீஸ்' வியாழக்கிழமை. போலந்து மக்கள் ஞாயிற்றுக்குப் பின்னிருந்து எண்ணுவர். ஆதலால் ஐந்து என்ற எண்ணிலிருந்து பிறந்த 'பியோன்தெக்' வெள்ளிக்கிழமை. அரைகுறையாக மொழி தெரிந்தவர் சொல்லின் வேரைப் பார்த்து எழுதினால், குடும்பமொன்று ஒருநாள் முன்னதாகவே புகையிரத நிலையத்தில் நிற்கும்.

இரண்டாவது நேரம். ஏழரை மணியை நாம் ஏழிலிருந்து கணக்கிடுகிறோம்; அரபு மக்களும் அவ்வாறே. போலந்துப் பேச்சில் அது 'எட்டுக்குப் பாதி' என்ற பாங்கிலே சொல்லப்படும். எட்டு என்ற சொல் காதில் விழுந்தவுடன் எட்டரை என்று எழுதிவிடுவாரானால் பேருந்து போய்விடும்.

மூன்றாவது இலக்கங்கள். வளைகுடாவிலும் எகிப்திலும் வழங்கும் எண்ணுருக்களில் ஐந்து வட்டமாக இருக்கும். பூச்சியம் ஒரு புள்ளியாக இருக்கும். நமக்கும் போலந்து மக்களுக்கும் வட்டம் பூச்சியமாகும். அறை இலக்கமும் மருந்தின் அளவும் இதிலே மாறக்கூடியவை. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படும். அச்சகத்திலே அரபு தெரியாதவர் பக்கம் அமைக்கும்போது எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகச் சிதறியும் தலைகீழ் வரிசையிலும் வந்துவிடுவதுண்டு. ஆகையால் அச்சுப்படியையும் மொழிபெயர்ப்பாளரே இறுதியாகப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, இருபொருட் சொற்கள். போலந்து மொழியில் 'ஸாமெக்' என்றால் கோட்டை, பூட்டும் அதுவே, உடுப்பில் உள்ள இழுவைப் பூட்டும் அதுவே. 'ஸாமெக் மூடியுள்ளது' என்ற பலகையை எப்படி மொழிபெயர்ப்பது என்பது எதைக் குறித்து எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. பேச்சிலோ, போலந்து மக்கள் 'நோ' என்றால் "ஓம், சரிதான்" என்று கருத்து. ஆங்கிலம் சிறிது தெரிந்த அரபு விருந்தினர் அதனை மறுப்பென்று எடுத்துக்கொண்டு மனம் வருந்தக்கூடும்.

ஐந்தாவது இடப்பெயர். தாத்ரா மலையிலே 'மோர்ஸ்கியே ஓக்கோ' என்ற அழகிய ஏரி ஒன்று உண்டு. 'கடலின் கண்' என்பது அதன் பொருள். அரபிலே 'ஐன்' என்ற சொல் கண்ணையும் குறிக்கும், நீரூற்றையும் குறிக்கும். எனவே அரபிற் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத இன்னோர் அழகும் சேர்ந்துகொள்ளும். ஆனால் வழிப்பலகையில் அந்த அழகிய பெயரை மட்டும் எழுதினால், ஊரவரிடம் வழி கேட்கும்போது ஒருவருக்கும் விளங்காது. பலகையிலே ஒலியை எழுதவேண்டும். கையேட்டிலே பொருளையும் சொல்லவேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் இந்த வேறுபாட்டைத் தாமாகவே உணர்ந்து கேட்பார்.

உண்மையில், கேள்வி கேட்பதே அவருடைய சிறந்த அடையாளம். கொடுத்த பகுதியை ஒரு சந்தேகமும் கேளாமல் அரைமணி நேரத்தில் திருப்பித் தருபவரைவிட, "இங்கே கொழுப்பு என்றிருக்கிறதே, எந்த மிருகத்தின் கொழுப்பு?" என்று கேட்பவரே நமக்கு வேண்டியவர்.

இடையிலே ஆங்கிலம்

ஆள் கிடைக்காதவர்கள் இரண்டு சுருக்குவழிகளை நாடுகின்றனர். ஒன்று, போலந்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஒருவரும் ஆங்கிலத்திலிருந்து அரபுக்கு இன்னொருவரும் மொழிபெயர்ப்பது. மற்றையது, கைத்தொலைபேசியில் உள்ள இயந்திர மொழிபெயர்ப்பு. இயந்திரமும் பலவேளைகளில் ஆங்கிலத்தின் வழியாகவே சென்றுவருகிறது.

இதனால் என்ன நட்டம்? போலந்து மொழியில் ஆடவரைப் 'பான்' என்றும் பெண்ணைப் 'பானி' என்றும் மரியாதையாக விளிப்பர். அரபிலும் முன்னிலையில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்திலோ எல்லோருக்கும் ஒரே சொல். இரண்டு கரையிலும் உள்ள ஒன்று, நடுவிலுள்ள ஆங்கிலப் பாலத்திலே விழுந்துவிடுகிறது. மறுகரையில் பெண் விருந்தினருக்கு ஆணை விளிப்பதுபோன்ற வாக்கியம் போய்ச் சேர்கிறது. இரண்டு மொழிகளும் நேரடியாகச் சந்தித்தால் இழக்கவேண்டாத பொருளை, மூன்றாமவரை இடையில் வைத்தமையால் இழக்கிறோம். ஸ்மாலெத்ஸ் என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே.

இயந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. கடைத்தெருவைக் கேட்டறிவதற்கும் விலை விசாரிப்பதற்கும் அது பேருதவி. ஆனால் உடலுக்குள் போகும் உணவும் மருந்தும், கையெழுத்து இடப்படும் தாளும், உயிரோடு சம்பந்தப்பட்ட எச்சரிக்கையும் மனிதரொருவரின் பார்வைக்கு உட்பட்டே தீரவேண்டும். பொறுப்பு ஏற்பதற்கு ஒருவர் இருக்கவேண்டும் என்பதே அதன் காரணம்.

ஊதியமும் மதிப்பும்

இறுதியாக ஒன்று. அருமையான மொழியிணை என்பதால் ஆள் அரிது. அரிது என்பதால் ஊதியமும் சற்று அதிகம். உணவுப் பட்டியலின் தாளுக்கும் மைக்கும் படத்துக்கும் பணம் செலவிடுவோர், அதிலுள்ள சொற்களுக்குச் செலவிடத் தயங்குகின்றனர். காலியிலே 1911 இல் கண்டெடுக்கப்பட்ட சீனத் தளபதி செங் ஹோவின் கல்வெட்டை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரிய அக்கல்லிலே சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. கடல்கடந்து வருபவன், போகும் நாட்டு மக்களின் மொழியில் பேசவேண்டும் என்ற மரியாதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்து சமுத்திரத்தில் இருந்திருக்கிறது. அந்தத் தமிழை எழுதிக்கொடுத்தவரின் பெயர் கல்லில் இல்லை. மொழிபெயர்ப்பாளரின் நிலை அன்றும் அப்படித்தான். இன்றும் பெரிதும் அப்படியே.

ஆகவே என் மாணவருக்கு நான் அனுப்பிய பதில் சுருக்கமானது. போலந்திலே வாழும் அரபுத் தாய்மொழியாளர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவர் எழுதியதை ஒப்புநோக்க, அரபு கற்ற போலந்து நாட்டவர் ஒருவரையும் பிடியுங்கள். ஆங்கிலப்படியை அல்ல, மூலத்தையே கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லுங்கள். பேசிய பணத்தைத் தாமதமின்றிக் கொடுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்திலே அவர்களுடைய பெயரையும் போடுங்கள். பெயர் போடப்படும் என்று அறிந்தவர் இன்னுமொரு தடவை வாசித்துப் பார்ப்பார். அந்த ஒரு தடவையிலே, அந்நிய மண்ணில் நம்மை நம்பி உணவுக்குக் கைநீட்டும் ஒருவருடைய நோன்பும் நலமும் காப்பாற்றப்படக்கூடும்.